சக்களத்திப் பெட்டி

"நிப்பாட்டு, நிப்பாட்டு! அரைக் கட்டை இறங்கிக் கிடக்கு."

பாண் ரொட்டி விற்க வரும் ஆட்டோவை நடுவீதியில் மறித்துக்கொண்டு நிற்கிறார் உமாசுதன். மடித்துக் கட்டிய சாரம், வாயில் பற்பசை நுரை, ஒரு கை ஆட்டோவின் முன்கண்ணாடியில். கூரையில் பொருத்திய ஒலிபெருக்கி தன் வழக்கமான பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருக்கிறது. ஓட்டி வந்த அஸ்மின் கனமூலை ஊர்க்காரர், பொறுமைசாலி.

"பெட்டரி இறங்கினா பாட்டும் இறங்கும்தானே அண்ணே. பாண் நல்லாத்தானே இரிக்கி?"

"பாணை ஆர் கேட்டது? விடியக்காலம இந்தச் சுருதியக் காதில வாங்கினா எனக்கு இண்டைக்கு முழுக்க ஒரு வேலை ஓடாது."

நுரையைத் துப்பிவிட்டு, சரியான சுருதி எதுவென்று "ம்ம்ம்" என்று பிடித்துக் காட்டுவார். அஸ்மின் தலையாட்டுவார். நாளைக்குப் பெட்டரியை ஏற்றிக்கொண்டு வருவதாக வாக்கும் கொடுப்பார். அதன் பிறகுதான் உமாசுதன் ஒரு றாத்தல் பாண் வாங்குவார். உடப்பில் இந்த வழக்கு மாதத்தில் பாதி நாள் நடக்கும். பின்னால் காத்து நிற்கும் பெண்கள் சிரிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அவருடைய தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் உமாசுதனின் சவுண்ட் சேர்விஸ்தான். வீட்டு முன்னறையில் கதிரைகளைவிட ஒலிபெருக்கிப் பெட்டிகள் அதிகம். விருந்தாளி வந்தால் ஒரு பெட்டியின் மேல் துணியை விரித்து, "இருங்க, இது நல்ல பெட்டி" என்பார். உலகத்தில் அவருக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது கரகரப்பு. வயர் தளர்ந்து கரகரத்தாலும் சரி, கோயில் மண்டபத்து மின்விசிறி கரகரத்தாலும் சரி, பூசை நடுவில் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்து மறுபடி கைகூப்பி நிற்பார். சனத்துக்கு வேர்த்து வடியும். இது என்ன நியாயம் என்று ஐயர் ஒருமுறை கேட்டே விட்டார். "அம்மனுக்கும் காது இருக்குத்தானே ஐயா" என்றார் உமாசுதன்.

அவரிடம் ஓர் ஆர்மோனியம் இருக்கிறது. சிலாபத்தில் ஒரு பாட்டுக் குழு கலைந்தபோது வாங்கி வந்தது. உப்புக்காற்று படாமல் அதை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார், அதுவும் மனைவி சுஜாந்தியின் கூறைச் சேலையில் சுற்றி. "நான் ஒரு நாள்தான் கட்டினன், மற்ற நாளெல்லாம் அது கட்டியிருக்கு" என்று சுஜாந்தி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பொத்திப் பொத்தி வைத்தும் என்ன, உப்பு ஒரு கட்டைக்குள் புகுந்துவிட்டது. கீழ்ப் பஞ்சமம் கரகரக்கத் தொடங்கியது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார், உள்ளே அதிர்கிற பித்தளை நாக்கைப் புதிதாய் மாற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் பழைய சட்டைத் துணியொன்றைக் கிழித்து உருட்டி, அந்த நாக்கின் கீழ் செருகி, அதன் வாயை அடைத்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டையில் விரல் படாமல், வீதிப் பள்ளத்தைத் தாண்டுவது போலத் தாண்டித்தான் வாசிக்கிறார். கேட்கிறவர்களுக்கு இது தெரியாது. வீரகத்திக்குத் தெரியும்.

வீரகத்தி அவருடைய தாய்மாமன் மகன். ஊருக்கு வெளியே உள்ள இறால் பண்ணையில் தீன் போடுவதும் காவல் இருப்பதும் அவர் வேலை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஆறு பேருக்குக் காணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் பஜனை என்றால் வீரகத்தி பாடுவார், உமாசுதனின் ஆர்மோனியம் அவர் பின்னாலேயே போகும். இருவருக்கும் மீசை அரும்பிய காலத்திலிருந்து அப்படித்தான். வீரகத்தி எந்த இடத்தில் மூச்செடுப்பார், எந்த இடத்தில் கண்ணை மூடுவார், எந்த அடியை மறப்பார் என்பதெல்லாம் உமாசுதனின் விரல்களுக்குப் பாடம்.

இனி அவருடைய மற்றக் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். மனுசன் பொறாமைக்காரர். காசு பணத்தில் இல்லை. பக்கத்து வளவில் மாடி எழும்பினால் மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற ஆள் அவர். வீரகத்தி விசயத்தில் மட்டும் வயிறு எரியும். வீரகத்தி வேறொருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு இவருக்குத் தலையிடி. வேறு வீட்டில் சாப்பிட்டார் என்று அறிந்தால் "என்ன கறி?" என்று கேட்பார், பதில் வந்ததும் "அதெல்லாம் ஒரு கறியோ" என்பார். முன்னேஸ்வரத்தில் ஒரு திருவிழாவில் வேறோர் ஆர்மோனியக்காரரோடு வீரகத்தி இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வந்தார். அந்தப் பங்குனி முழுக்க உமாசுதன் அவரோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருந்ததை வீரகத்தி கவனிக்கவேயில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய சூடு.

அப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு வீரகத்தி மொசாம்பிக் போனார். அங்கும் இறால் பண்ணைதான், சம்பளம் மட்டும் வேறு. ஒப்பந்தம் முடிந்து போன வருடம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பலகை. அதன் மேல் தட்டையாக அடித்த இரும்பு நாக்குகள் வரிசையாக நின்றன. பெருவிரல்களால் அழுத்தி விட்டால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். எம்பிரா என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்களாம், கலிம்பா என்றும் ஒரு பெயர் உண்டாம். உடப்புச் சனம் 'விரல் பெட்டி' என்று வைத்துக்கொண்டது. கூட வேலை செய்த ஜோவாக்கிம் என்ற ஆபிரிக்கர் தன் கையாலேயே செய்து கொடுத்த பரிசு அது. "ஜோவாக்கிம் சொல்லுவான்..." என்று வீரகத்தி தொடங்கினால் போதும், உமாசுதன் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்.

வந்த மறுநாளே வீரகத்தி பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். உமாசுதன் ஒவ்வொரு நாக்காகத் தட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா இது? பெரிய சுரம் நடுவில குந்திக்கொண்டிருக்கு. அடுத்தது இந்தப் பக்கம், அதுக்கு அடுத்தது அந்தப் பக்கம். வரிசை எண்டு ஒண்டு இல்லையோ?"

"அதுதான் மச்சான் அதின்ட வரிசை. ரெண்டு பெருவிரலும் மாறி மாறி நடக்கவேணும்."

"நடக்கட்டும். என்ட ஆர்மோனியத்தோட நடக்காது."

பலகையின் கீழ் விளிம்பில் புதிதாய் ஆணி கழன்ற இரண்டு ஓட்டைகள் இருந்தன. அது என்ன என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றார் வீரகத்தி. பெட்டியை வாங்கித் தோளில் மாட்டியிருந்த பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீரகத்தி பின்னேரங்களில் இவர் வீட்டுக்கு வருவது குறைந்தது. பண்ணைக் கொட்டிலில் உட்கார்ந்து பெட்டியோடு பாடுகிறாராம் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதை நம்பாமல் உமாசுதன் ஒரு நாள் தானே போனார். அணைக்கட்டுக்கு இப்பாலேயே மோட்டார் சைக்கிள் என்ஜினை நிறுத்திவிட்டு, கண்டல் பற்றைக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார். பெட்டி மெல்ல டிங் டொங் என்றது. அதன் மேல் மச்சானின் குரல், பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு மட்டும் சொல்வது போலத் தாழ்ந்து வந்தது. பாட்டு வேறெதுவும் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் இவர் வாசிக்கிற அதே அம்மன் பாட்டு. இவ்வளவு காலத்தில் தன் ஆர்மோனியத்துக்கு அப்படித் தாழ்ந்து ஒருநாளும் பாடியதில்லையே என்று உமாசுதன் கண்டல் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். இந்தப் பெட்டியே போதும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் மண்டபத்துக்கு வராமல் விட்டால்? அன்றைக்கு அந்த ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தான் யாருக்கு வாசிப்பது?

வீட்டுக்கு வந்து பொரித்த மீனைத் தொடாமல் எழுந்தார். சுஜாந்தி மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்குச் சக்களத்தி வந்திட்டாள்" என்றார்.

"விசர்க் கதை கதையாத."

"இத்தனை காலம் நான் அந்த ஆர்மோனியத்தோட ஒரு வீட்டில கிடந்து படுற பாடு இப்பதான் உங்களுக்கு விளங்குது."

பெட்டிக்குச் சக்களத்தி என்ற பெயர் அந்த வீட்டில் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

சக்களத்தியின் ஆயுள் கெட்டியில்லை. போன மாதம் ஒரு நாள் குளத்தில் இறங்கிய நீர்க்காகங்களைத் துரத்த வீரகத்தி கொட்டிலிலிருந்து பாய்ந்து ஓடினார். மடியில் இருந்த பெட்டி தண்ணீருக்குள் விழுந்து, இறாலுக்குக் காற்றுக் கொடுக்கச் சுழன்றுகொண்டிருக்கிற சில்லில் அகப்பட்டுச் சிதறியது. வீரகத்தி கழுத்தளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கிளறினார். கையில் வந்தது பலகையில் பாதியும் சில இரும்புத் துண்டுகளும்தான். செய்தி கேட்டு உமாசுதன் ஓடோடிப் போய், "சீச்சீ, என்ன வேலை இது, எவ்வளவு நல்ல சாமான்" என்று மச்சானின் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். திரும்பி வரும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். என்ன நேர்த்திக்கடன் என்று சுஜாந்தி கேட்டதற்கு, "எல்லாம் ஊர் நன்மைக்குத்தான்" என்றார்.

அந்தத் தேங்காய்ச் சொட்டைச் சம்பலாக்கித் தின்று முடிக்கவும் வீரகத்தி படலையடியில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"மச்சான், கற்பிட்டியில கிளைட்டன் எண்டு ஒருத்தன் கடை வைச்சிருக்கிறானாம். வெள்ளைக்காரர் விட்டுட்டுப் போற சாமான் எல்லாம் அவனட்டத்தான். விரல் பெட்டி கன விதம் தொங்குதாம்."

"அதுக்கு?"

"நீதான் வந்து பாத்து எடுத்துத் தரவேணும். ஜோவாக்கிம் கையில தந்ததை வாங்கினனானேயொழிய எனக்கு நல்லது கெட்டது தெரியாது. உன்ட காதை நம்பித்தான் வாறன்."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தார் உமாசுதன். தான் போகாவிட்டால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவானே என்ற நினைப்பு முந்திக்கொண்டது. "சட்டையைப் போட்டுக்கொண்டு வாறன்" என்றார். சக்களத்திக்குப் பொருத்தம் பார்க்கப் புறப்பட்ட மூத்த தாரம் ஊரில் இவர் ஒருவர்தான்.

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறியதும் காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் இருந்த வீரகத்தி வழிநெடுகக் கதைத்துக்கொண்டே வந்தார்: மொசாம்பிக் இறால், மொசாம்பிக் மழை, ஜோவாக்கிமின் சமையல். உமாசுதன் காற்றில் கேட்காதது போல இருந்தார். கண்டக்குளியை நெருங்கும்போது களப்பின் மேல் பலகையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் நிறம் நிறமாய்ப் பறந்தன. கடை கடற்கரை ஓரத்தில், தகரக் கூரையோடு இருந்தது. நீச்சல் உடுப்பு, கிழிந்த பட்டம், நரம்பு அறுந்த கிற்றார் என்று எல்லாவற்றுக்கும் நடுவில், குறுக்கே கட்டிய வலைக்கயிற்றில் விரல் பெட்டிகள் கருவாடு போலத் தொங்கின.

"ஹரி அண்ணே, எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி வரவேற்றார் கிளைட்டன். "சிலது வெளிநாட்டுக்காரங்க விட்டுட்டுப் போனது, சிலது நான் கொழும்பால எடுத்தது. எது எங்கத்தையது எண்டு எனக்கே தெரியாது."

உமாசுதன் சட்டைக் கையை மடித்தார். தேங்காய் தட்டுவது போல ஒவ்வொரு பலகையையும் விரல் மொழியால் தட்டினார். நாக்குகளை அழுத்திப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு காதோடு வைத்து நாக்கு நாக்காக விட்டு, ஒலி எவ்வளவு தூரம் போய் அடங்குகிறது என்று கேட்டார். ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்த பெட்டியில் இரண்டு நாக்குகள் செத்துக் கிடந்தன. சிரட்டையில் செய்த பெட்டிக்கு நல்ல குரல், ஆனால் வீரகத்தியின் அகலப் பெருவிரல் ஒன்றைத் தொட்டால் மூன்று சேர்ந்து அலறின. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியை ஒரு தட்டோடு திருப்பிக் கொடுத்தார். "போத்தலுக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு."

அடுத்தது புத்தம் புதியது. வெளிர் மரம், ஒரே அச்சில் வார்த்த உருக்கு நாக்குகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். அதைத் தட்டியதும் உமாசுதனின் கை நின்றது. ஒரு பிசிறில்லை. எந்த நாக்கும் பக்கத்து நாக்கோடு சண்டை பிடிக்கவில்லை. மச்சான் பாடுகிற கட்டையிலேயே அச்சொட்டாக நின்றது. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும். இதுதான் என்று காது சொன்னது. இது போனால் நீ போனாய் என்று வயிறு சொன்னது. அவர் வயிற்றின் சொல்லைக் கேட்டார்.

"விளையாட்டுச் சாமான்" என்று சொல்லி அதை முகம் சுவர்ப் பக்கம் பார்க்கத் தொங்கவிட்டார். "ஒரு மழைக்குத் தாங்காது."

கயிற்றின் கடைசியில் கறுத்த ஒன்று தொங்கியது. கத்தியால் குடைந்த பலகை. நாக்குகள் ஆணியை அடித்துத் தட்டையாக்கியவை போல, ஒன்றின் அகலம் இன்னொன்றுக்கு இல்லை. நுனிகள் மட்டும் யாரோ வாசித்து வாசித்து வெள்ளிபோலத் தேய்ந்திருந்தன. கீழ் விளிம்பில் ஒரு தகரப் பட்டி, அதில் சோடா மூடிகளைத் துளைத்துத் தொளதொளவென்று கோத்திருந்தார்கள். உமாசுதன் ஒரு நாக்கை விட்டார். சுரத்தோடு சேர்ந்து 'ஙிர்ர்ர்' என்று ஒரு கரகரப்பு எழுந்தது. அவருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. இன்னொன்றை விட்டார். அதுவும் அப்படியே. வண்டு புகுந்த ஒலிபெருக்கிகூட இவ்வளவு மோசமாக இராது.

"அந்த மூடிய கழட்டலாம் அண்ணே, ரெண்டு ஆணிதான்" என்றார் கிளைட்டன். "பாக்க வாற எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க."

"கழட்ட வேண்டாம்!" உமாசுதன் போட்ட சத்தத்தில் கிளைட்டன் ஓர் அடி பின்னால் போனார். "அப்பிடியே இருக்கட்டும்."

இந்தக் கரகரப்போடு யாரால் பாட முடியும்? மச்சான் ஒரு கிழமை பார்ப்பான், காது நொந்து, பெட்டியைக் கொட்டில் கூரையில் செருகிவிட்டு வீட்டுப் பக்கம் வருவான். கணக்குச் சரியாக இருந்தது. உமாசுதன் கறுத்த பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, சீர்வரிசைத் தட்டம் கொடுப்பது போல நீட்டினார்.

"மச்சான், இதுதான் சாமான். கண்ணை மூடிக்கொண்டு எடு."

வீரகத்தி வாங்கினார். பெருவிரல் இரண்டும் மாறி மாறி நடந்தன. கடை முழுக்கக் கரகரப்பு நிறைந்தது. வீரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உமாசுதன், அது சுளிக்கும் என்று காத்திருந்தார். அது சுளிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு சறுக்குப் பலகையில் வீரகத்தி மெல்ல உட்கார்ந்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தியபோது கண் கலங்கியிருந்தது.

"உனக்கெப்பிடி மச்சான் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"இந்த இரைச்சல். ஜோவாக்கிம் செய்து தந்ததிலயும் இருந்தது. அவன் சிப்பி கோத்திருந்தான். இரைச்சல் இல்லாமல் வெறும் சுரம் மட்டும் வந்தா, பக்கத்தில ஒருத்தரும் இல்லாமல் பாடுற மாதிரி எண்டு சொல்லுவான். இதைத்தானே நான் இவ்வளவு நாளும் தேடினனான்!"

"அப்ப அந்தச் சிப்பியெல்லாம் எங்க?"

"கழட்டி எறிஞ்சிட்டன்." வீரகத்தி பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "உன்னட்டக் கொண்டுவர முதலே கழட்டிட்டன். உனக்குக் கரகரப்பு ஆகாதே. உன்ட ஆர்மோனியத்தோட சேத்து வாசிக்கலாமெண்டுதான் அங்கயிருந்து காவிக்கொண்டு வந்தனான். கழட்டியும் நீ நடக்காதெண்டிட்டாய். பிறகு ஆருக்கு வாசிக்கிறது? இறாலுக்குத்தான் வாசிச்சன்."

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது. உமாசுதன் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு ஆணி ஓட்டைகளும் கண்ணுக்குள் வந்து நின்றன. சங்காரம் செய்ய வந்த தன்னை மச்சான் சாமியாக்கி வைத்துவிட்டான் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பொறாமையும் வந்தது. ஜோவாக்கிமின் இரைச்சலை இவன் இவ்வளவு தேடியிருக்கிறானே! தனக்காகச் சிப்பியைக் கழட்டி எறிந்தவன், எறிந்த பிறகு அதற்காக ஏங்கியும் இருக்கிறானே! இரண்டில் எதை நினைத்து அழுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களோ தம்பி" என்று வீரகத்தி கிளைட்டனிடம் பெருமையாகச் சொன்னார். "எல்லாரும் கழட்டச் சொன்னதை இவர் ஒருத்தர்தான் கழட்ட வேண்டாமெண்டவர். காதெண்டா இது காது."

"ஹரி அண்ணே, இனி சாமான் வந்தா உங்களுக்குத்தான் முதல்ல அடிப்பன்" என்று கிளைட்டன் உமாசுதனின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். உமாசுதன் எண்ணைப் பிழையாகச் சொல்லி, பிறகு திருத்திச் சொன்னார்.

திரும்பும் வழியில் வீரகத்தி கதைக்கவில்லை. பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தபடி வந்தார். காற்று சுரங்களை அள்ளிக்கொண்டு போனது. கரகரப்பு மட்டும் உமாசுதனின் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. இறக்கி வைக்கவும் முடியாமல், நிறுத்தச் சொல்லவும் முடியாமல் அவர் மெதுவாக ஓட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார் என்பதை ஊருக்குள் நுழைந்த பிறகுதான் கவனித்தார்.

"என்ன, சக்களத்திக்குப் பொருத்தம் சரியோ?" என்று கேட்டார் சுஜாந்தி.

"அவள் கரகரக்கிறாள்."

"பின்ன என்ன, உங்களுக்கு நல்லதுதானே."

உமாசுதன் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போட மறந்திருந்ததைச் சுஜாந்தியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபத்தில் சனம் கூடியிருந்தது. வீரகத்தி வழக்கமான இடத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து கறுத்த பெட்டியை வெளியே எடுத்தார். சுருதி பார்க்க ஒரு நாக்கை விட்டார். ஙிர்ர்ர் என்றது. "எங்கயோ வயர் விட்டுப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஐயர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐயரிலிருந்து கடைசி வரிசை வரை எல்லோருடைய பார்வையும் உமாசுதன் மேல் வந்து நின்றது. அந்த ஊரில் கரகரப்பை நிறுத்துவது அவருடைய வேலை. இப்போது எழுந்து போய் நிறுத்துவார் என்று மண்டபம் காத்திருந்தது.

வீரகத்தியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல்கள் இரண்டும் நாக்குகளின் மேல் அசையாமல் நின்றன. உமாசுதன் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இடத்திலேயே மூடிகளைக் கழட்டிவிடுவார். அது உமாசுதனுக்கும் தெரிந்தது. அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவர் குனிந்து கூறைச் சேலையை அவிழ்த்தார். ஆர்மோனியத்தின் மேல்மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். பக்கத்தில் தாளத்தோடு இருந்த சுஜாந்தி எட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யிறீங்க?"

"ஏன், அவள் மட்டும்தான் கரகரக்கலாமோ?"

சட்டைத் துணி உருண்டையைப் பிடுங்கி எடுத்து மேல்பொக்கற்றுக்குள் போட்டார். மூடியைச் சாத்தி, துருத்தியை இழுத்து, இத்தனை காலமும் தாண்டித் தாண்டிப் போன கீழ்ப் பஞ்சமத்தில் விரலை வைத்தார். கட்டை கரகரவென்று இரைந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.